பட்டாசு அலுவலகம்: கட்டுரைப் போட்டிகளைப் பற்றிச் சில கசப்புகள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக வர முடியுமா என்று கேட்டார். வந்திருக்கும் கட்டுரைகள் 140. ஒரு பிற்பகல், மூன்று மணி நேரம். பொன்னாடை, நினைவுப் பரிசு, வழிச்செலவு எல்லாம் உண்டு. மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டுரைக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். சிவகாசிப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீரை ஆற்றிக் குடிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். இயலாது என்றேன். "நீயே போட்டியில் எழுதி மேலே வந்தவன்தானே, இப்போது மட்டும் என்ன?" என்றார் அவர். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

என் ஊர் எம். புதுப்பட்டி. சிவகாசி வட்டத்தில் இருக்கிறது. நாளிதழ் வாசிக்கிறவர்கள் இந்தப் பெயரை எங்கேனும் பார்த்திருக்கக்கூடும். அநேகமாக ஒரே ஒரு வாக்கியத்தில்தான் பார்த்திருப்பார்கள். 'எம். புதுப்பட்டி போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்.' பட்டாசு விபத்துச் செய்தியின் கடைசி வரி அது. எங்கள் ஊர் அச்சேறுவது பெரும்பாலும் அந்த வரியில்தான். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், கருகி இறந்தபோதும் செய்தி அப்படித்தான் முடிந்தது. இறந்தவர்களின் பெயரும் அடைப்புக்குறிக்குள் வயதும் வரும். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அன்று காலை எந்த அறையில் யார் உட்கார வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்கள், தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதெல்லாம் வராது. அதை எழுத வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள். எங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததோ கட்டுரைப் போட்டி. எந்த அழகில் கற்றுக்கொடுத்தது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். நான் எட்டாம் வகுப்பு. நண்பகல் வாக்கில் முதலிப்பட்டிப் பக்கம் வானத்தில் ஒரு வெண்தூண் எழுந்தது. முதலில் புகை என்று தோன்றவில்லை. மழை மேகம் என்றுதான் நினைத்தோம். ஏறத்தாழ 40 பேர் இறந்த விபத்து அது. வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடியவர்களும் அதில் இறந்தார்கள். பிற்பகல் முழுக்கப் பிள்ளைகளின் தாய்மார்கள் பள்ளி வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கத்துக்கு மாறாக, பிள்ளைகளே தாய் உயிரோடு இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்த நாள் அது.

அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வந்தது. தலைப்பு: 'விபத்தில்லாத் தீபாவளி'. நான் எழுதினேன். பருத்தி ஆடை அணிய வேண்டும். வாளியில் நீர் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியோர் முன்னிலையில்தான் வெடிக்க வேண்டும். நடுவில் ஒரு குறள், முடிவில் பாரதி. முதற்பரிசு எனக்கு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடியில் என் பெயர் பொறித்தது. அந்தக் கட்டுரையில் முதலிப்பட்டி இல்லை. ஆசிரியர் எவரும் அதைச் சேர்க்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பரிசு வாங்கும் கட்டுரையில் எது இருக்கும், எது இருக்காது என்பது பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் முதலில் கற்றேன். எங்கள் போட்டிகள் இதை மட்டும் மிகத் திறமையாகக் கற்றுக்கொடுக்கின்றன.

இந்தப் போட்டிக் கட்டுரை என்ற இலக்கிய வகையை யாராவது ஆய்வு செய்ய வேண்டும். (முனைவர் பட்டத்துக்கு எதையெல்லாமோ எடுத்துக்கொள்கிறார்கள்.) முன்னுரை என்ற துணைத்தலைப்பில் தொடங்கும். 'இன்றைய நவநாகரிக உலகில்' என்பது முதல் தொடராக இருப்பது நலம். அடைமொழியோடு மூன்று சான்றோர். அவர்களில் ஒருவர் அப்துல் கலாம். கேள்வி எதுவானாலும் விடை மாணவர் சமுதாயத்தின் கையில் இருக்கும். முடிவுரையில் உறுதிமொழி. இந்த வார்ப்பில் 'குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு' எழுதலாம், 'நீர் மேலாண்மை' எழுதலாம், 'தாய்மொழிக் கல்வி' எழுதலாம். பெயர்ச்சொற்களை மாற்றினால் போதும். குழந்தைத் தொழிலாளர் பற்றிய கட்டுரையை நானே மூன்று முறை எழுதியிருக்கிறேன். 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசியை முன்வைத்து அளித்த தீர்ப்பு, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும் என்ற கட்டளை, இரண்டையும் நான் அறிந்தது கல்லூரிக்கு வந்த பிறகு. என் அம்மா எட்டு வயதில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கப் போனவள் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். மூன்று கட்டுரைகளிலும் இரண்டுமே இல்லை. 'பூப்போன்ற கரங்கள்' இருந்தது.

சரி, பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள், வளர வளர மாறிவிடும் என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லியின் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் 2015-இல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம். அந்தத் தீபாவளி முடிந்ததும் எங்கள் பகுதி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. நான் அப்போது வெளியூரில் கல்லூரியில் இருந்தேன். ஊருக்குப் போனால் அம்மா பகலில் வீட்டில் இருந்தாள். பகலில் அம்மா வீட்டில் இருப்பதை அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பருவத்திலேயே கல்லூரியில் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு: 'பட்டாசில்லாத் தீபாவளி, பசுமைத் தீபாவளி'.

தலைப்பைக் கவனியுங்கள். அது தன் விடையைத் தானே சொல்லிவிட்டது. அதற்கு மேல் எழுதுகிறவன் செய்யக்கூடியது தலையாட்டுவது மட்டுமே.

நான் பட்டாசுக்கு வக்காலத்து வாங்கவில்லை. டெல்லிக் குழந்தையின் நுரையீரலும் நுரையீரல்தான். அந்தப் புகையையும் பொடியையும் ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள் என்பதால் அதை மற்றவர்கள் சொல்லி நான் அறிய வேண்டியதில்லை. என் கட்டுரையில் பேரியம் எதற்குப் பயன்படுகிறது என்று எழுதினேன்: பச்சை நிறத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும். சரவெடி பின்னுகிறவர்கள் யார், வீட்டில் வைத்துத் திரி மடிப்பவர்கள் யார், தடை வந்தபோது முதலில் வேலையிழந்தவர்கள் யார் என்று எழுதினேன். மாசைக் குறைப்பதன் விலையை யார் கொடுப்பது என்று கேட்டு நிறுத்திக்கொண்டேன். வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கட்டுரையாக எழுதினேன். உறுதிமொழி எடுக்கவில்லை.

முடிவு அறிவிப்புப் பலகையில் வந்தது. என் பெயர் இல்லை. கட்டுரையைத் திரும்பக் கேட்டு இரண்டு வாரம் அலைந்து வாங்கினேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'நடை நன்று. தலைப்பை விட்டு விலகிச் செல்கிறது.' முதற்பரிசுக் கட்டுரை பின்னர் கல்லூரி மலரில் வெளியானது. அதன் இரண்டாம் பத்தியை நான் இணையத்தில் வேறொருவர் பெயரில் ஏற்கெனவே வாசித்திருந்தேன். அந்த மாணவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கேள்வியே நகலாக இருக்கும்போது விடை மட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் இதே கட்டுரைப் போட்டிகள் நடந்தன. நடத்தியவர்கள் மாகாண நகரங்களின் கல்விக்கழகங்கள். 1749-இல் திஜோன் நகரக் கழகம், கலைகளும் அறிவியலும் புத்துயிர் பெற்றதால் ஒழுக்கம் மேம்பட்டதா என்று கேட்டது. சிறையிலிருந்த தித்ரோவைப் பார்க்க நடந்து போகும் வழியில் ரூசோ அந்த அறிவிப்பை வாசித்தார். இல்லை, கெட்டுத்தான் போனது என்று எழுதினார். கல்விக்கழகம், கல்வியால் கேடு என்ற கட்டுரைக்கு 1750-இல் பரிசளித்தது. கேட்டது ஒரு கேள்வி, முழக்கமன்று. ஆகவே 'இல்லை' என்ற பதிலுக்கும் அங்கே இடம் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே கழகம் மனிதரிடையே ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று கேட்டபோது ரூசோவுக்குப் பரிசில்லை. பரிசு வாங்கியவரைப் பாதிரியார் தல்பேர் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பரிசு வாங்காத கட்டுரை 1755-இல் நூலாகி இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

இன்னும் சுவையானது ஷோபன்ஹவர் கதை. 1839-இல் நார்வே அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது. அடுத்து டென்மார்க் கழகத்துக்கு அறத்தின் அடிப்படை பற்றி எழுதி அனுப்பினார். வந்த கட்டுரை அது ஒன்றுதான். அந்த ஒன்றுக்கும் பரிசு தர மறுத்துவிட்டார்கள். கேட்ட கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டார், மதிப்புக்குரிய தத்துவவாதிகளை மரியாதையின்றிப் பேசினார் என்பவை காரணங்கள். மனிதர் 1841-இல் இரண்டு கட்டுரைகளையும் ஒரே நூலாக்கி, ஒன்று முடிசூட்டப்பட்டது, மற்றது முடிசூட்டப்படாதது என்று முகப்பிலேயே அச்சிட்டு, முன்னுரையில் நடுவர்களைப் பக்கம் பக்கமாக வறுத்தெடுத்தார். நான் இதைச் சொல்வது என்னை ஷோபன்ஹவராகக் கற்பனை செய்துகொண்டு அல்ல. டென்மார்க்காரர்கள் செய்தது தவறாகவே இருக்கட்டும். அவர்கள் காரணத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. நம்மூரில் 'நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது' என்ற வரியை அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். நடுவர் யார் என்பதைப் போடுவதில்லை. தோற்றவனுக்கு மறுத்துரைக்க ஒரு வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை. வென்றவன் நிலை அதைவிட மோசம். தான் ஏன் வென்றோம் என்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான். நான் செய்தேன்.

போட்டி மறுத்ததைப் பணம் கொடுக்கும் என்று எவரும் சொல்லித்தரவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன். தொகைநூல்!

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்கு: வாட்ஸப்பில் ஒரு வண்ண அறிவிப்பு வரும். 'மாபெரும் கட்டுரைப் போட்டி. தேர்வாகும் அனைத்துக் கட்டுரைகளும் நூலாக்கப்படும். ஐஎஸ்பிஎன் எண்ணுடன்.' அனுப்புங்கள், தேர்வாகும். தேர்வாகாத கட்டுரையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பிறகு, பங்களிப்புத் தொகை என்று ஓர் எண் வரும். கட்டினால் ஒரு பிரதி, ஒரு சான்றிதழ், சற்றுக் கூடுதலாகக் கட்டினால் ஒரு கேடயமும் ஒரு பட்டமும். சுடர், செம்மல், மாமணி என்று பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது. இலவச எண்ணைக் காட்டி, ஐம்பது பேரிடம் ஆளுக்குச் சில நூறு வாங்கி, அவர்களுக்கே விற்கப்படும் ஐம்பது பிரதிகள். வாசகன் என்ற ஒருவன் இந்தச் சுற்றில் எங்குமே நுழைவதில்லை. கல்லூரிகளின் பன்னாட்டுக் கருத்தரங்கக் கட்டுரைக் கோவைகளும் இதன் பெரியண்ணன்தான். அங்கே கட்டணம் கூடுதல்; பின்னால் பதவி உயர்வுக்கான மதிப்பெண் நிற்கிறது.

நானும் கட்டினேன். கல்லூரி மறுத்த கட்டுரையை அனுப்பினேன். நூல் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது, அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையைப் பட்டாசு ஆபீஸ் என்போம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அம்மா ஆபீஸுக்குப் போயிருக்கிறாள் என்றால் மருந்து அடைக்கப் போயிருக்கிறாள் என்று பொருள். கட்டுரை முழுக்க அப்படித்தான் எழுதியிருந்தேன். தொகுப்பாசிரியர் தூய தமிழ்ப் பற்றாளர்போலும். ஒன்று விடாமல் 'பட்டாசு அலுவலகம்' என்று திருத்தியிருந்தார். என் அம்மா 'பட்டாசு அலுவலகத்தில் மருந்து பிரிவில்' பணியாற்றுவதாக அச்சாகியிருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தாள். "நான் எப்பய்யா ஆபீசரானேன்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. ஒருவரின் வாழ்க்கையை எழுதி, அது தன்னுடையது என்று அவராலேயே அடையாளம் காண முடியாதபடி அச்சிட்டு, அதற்குக் காசும் கொடுத்திருந்தேன்.

இது நடக்கும் ஊர் எது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுத்தாள் வேண்டும் என்பதால் அச்சுத்தொழில் வந்தது. இன்று இந்தியாவின் எந்த மூலையிலும் சுவரில் தொங்கும் நாட்காட்டி சிவகாசியில் அச்சானதாக இருக்கக்கூடும். நாட்குறிப்பு, திருமண அழைப்பு, பள்ளி நோட்டு எல்லாம் இங்கேதான். பொன்னிறக் கரையிட்ட வெற்றுச் சான்றிதழ்களும் இங்கே கட்டுக்கட்டாக அச்சாகின்றன. பெயருக்கு ஒரு கோடு, பரிசுக்கு ஒரு கோடு விட்டு. இந்த நாட்டின் போட்டிகளுக்கெல்லாம் வெற்றியை மொத்த விலைக்கு அனுப்புகிற ஊர் எங்கள் ஊர்! சிவகாசியில் எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை, இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த இயந்திரங்களுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு மிகச் சொற்பம். அதே கரிசல் மண், அதே தீப்பெட்டி, கொஞ்சம் தெற்கே போனால் கோவில்பட்டி. அங்கிருந்தும் அதன் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள். இடைசெவலின் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், அப்புறம் பூமணி, சோ. தர்மன், கோணங்கி. சாத்தூர்ப் பக்கத்து வெயிலை எழுதிய ச. தமிழ்ச்செல்வன். எங்கள் மாவட்டத்தின் மேலாண்மறைநாட்டில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பெட்டிக்கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி.

இவர்கள் எந்தக் கட்டுரைப் போட்டியில் உருவானார்கள்? கி.ரா. முப்பது வயதைக் கடந்து எழுத வந்தவர். அவரைச் 'சரஸ்வதி' இதழ் வெளியிட்டது. பொன்னுச்சாமியை 1970-களில் 'செம்மலர்' வெளியிட்டது. கோவில்பட்டியில் 'நீலக்குயில்' வந்தது, பின்னர் 'கல்குதிரை' வந்தது. தெருவில், டீக்கடையில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, நேருக்கு நேர் கிழித்துப் போடும் ஒரு கூட்டம் இருந்தது. சிவகங்கையிலிருந்து மீரா 'அன்னம்' நடத்தினார். கி.ரா.வை வெளியிட்டார், நவகவிதை வரிசை என்று இளையவர்களின் தொகுப்புகளைக் கொண்டுவந்தார். சென்னைக்கு வெளியே ஒரு சிறுநகரத்தில் இருந்துகொண்டு, கையெழுத்துப் பிரதியை வாசித்து, பிடித்தால் போட்டார். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் அனுப்பியதை வாங்கி அச்சிட்டார். அவன் தருமு சிவராமு. வட இந்தியாவில் அரசு வேலையில் இருந்த ஒருவர் எழுதியனுப்பிய கடுமையான கட்டுரைகளை அச்சிட்டார். அவர் வெங்கட் சாமிநாதன். செல்லப்பா யாருக்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை. யாரிடமும் பங்களிப்புத் தொகையும் வாங்கவில்லை. தன் வெளியீடுகளைத் தானே தூக்கிச் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997-இல், எண்பத்தைந்து வயதில், தானே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001-இல் வந்தபோது அவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

போட்டியால் நல்லது எதுவுமே வந்ததில்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வந்திருக்கிறது. உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்றதுதான். ஆனால் அந்தப் போட்டிகளின் முறை வேறு. பரிசு பெற்றது இதழில் தொடராக வந்தது. வாசகர்கள் வாசித்தார்கள், திட்டினார்கள், இதற்கா பரிசு என்று கடிதம் எழுதினார்கள். 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்தது. அதுவும் ஏற்கெனவே இதழ்களில் அச்சாகிய கதைகளிலிருந்து. ஆண்டு முடிவில் தொகுப்பு வந்தது. தேர்வு பிசகினால் எல்லோருக்கும் தெரியும். கதை பொதுவெளியில் இருந்தது, தேர்ந்தவர் பெயரும் பொதுவெளியில் இருந்தது.

மாநில அரசின் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. முதற்பரிசு 10,000 ரூபாய், அடுத்தவை 7,000, 5,000. ஓர் ஏழை மாணவனுக்கு இது சிறிய தொகையன்று. கட்டணம் கிடையாது, பட்டம் விற்பதும் கிடையாது. இதை நான் தொகைநூல் வியாபாரத்தோடு சேர்த்துப் பேச மாட்டேன். என் வருத்தம் ஒன்றுதான். பரிசு பெற்றவர்களின் பெயர் செய்தியில் வருகிறது, காசோலையோடு நிற்கும் புகைப்படம் வருகிறது, கட்டுரை எங்கே? எத்தனையோ மாவட்டங்கள், எத்தனையோ ஆண்டுகள். அந்தக் கட்டுரைகளை ஒரு நூலாக நான் இதுவரை கண்டதில்லை. எழுதியதற்குப் பரிசு கொடுக்கிறோம், எழுதியதை வாசிக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தை யாரும் பார்க்காமல் பதக்கம் மட்டும் கொடுத்தால் எப்படியிருக்கும்?

"ஊக்கம்" என்பார்கள். இளையவர்களுக்கு ஊக்கம் தேவை, போட்டி ஊக்கம் தருகிறது. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. என்னை ஊக்கியவர்கள் அனைவரும் சேர்ந்து பத்தாண்டுகள் என்னைப் பொய் எழுத வைத்தார்கள். அவர்கள் நல்லவர்கள். என் எழுத்தில் என்ன பிழை என்று ஒருவர்கூடச் சொல்லாத அளவுக்கு நல்லவர்கள்.

முதலில் சொன்னவர் ஒரு சிற்றிதழ்க்காரர். பெயர் சொன்னால் கோபிப்பார். அதே கட்டுரையை, பட்டாசு ஆபீஸ்களைப் பழையபடி ஆக்கி, அவருக்கு அனுப்பினேன். நான்கு மாதம் பதில் இல்லை. கைவிட்ட பிறகு அஞ்சலில் ஒரு தடித்த உறை வந்தது. என் பிரதிதான், பென்சிலால் உழப்பட்டிருந்தது. போடுகிறேன் என்றோ போடவில்லை என்றோ ஒரு சொல் இல்லை. கேள்விகள் மட்டும். 'கூலி என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்கூலியா, எண்ணிக்கைக் கூலியா? குரோஸ் கணக்கா?' 'அறையில் எத்தனை பேர் இருக்க அனுமதி? எத்தனை பேர் இருந்தார்கள்? இரண்டையும் எழுதுங்கள்.' 'இந்த உவமை நன்றாக இருக்கிறது. ஆகவே எடுத்துவிடுங்கள்.' மூன்றாம் பக்கத்தில் பட்டாசு ஆபீஸ் என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டிருந்தார். திக்கென்றது. ஓரத்தில் எழுதியிருந்தது இது: 'ஆலையை ஏன் ஆபீஸ் என்கிறீர்கள்? இது கட்டுரையின் முக்கியமான சொல். ஒரு பத்தி தேவை.'

அந்தப் பத்தியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அம்மாவிடம் கேட்டேன், அத்தையிடம் கேட்டேன், ஓய்வுபெற்ற ஒரு போர்மேனிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஊருக்குள் முதலாளியின் கணக்கறையில்தான் முதலில் ஆள் பிடித்து முன்பணம் கொடுத்தார்கள், அதனால் ஆபீஸ் என்றார் ஒருவர். வயல் வேலைக்குப் போகிறவளைவிட நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் ஒரு படி மேல் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது என்றாள் அத்தை. "வெயில்ல காயாம சம்பாதிக்கணும்னு தான் போனோம்" என்றாள். எது சரி என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள், மழை பொய்த்த கரிசலை விட்டு மருந்து அறைக்குள் நுழைந்த இரண்டு தலைமுறைப் பெண்களின் கணக்கு இருக்கிறது என்று தெரிந்தது. தூய தமிழ்ப் பற்றாளர் அழித்தது அதைத்தான்.

கட்டுரை வெளிவந்தது. சன்மானம் கிடையாது. இரண்டு பிரதிகள் தந்தார். இதழ் அச்சாவது முந்நூறோ நானூறோ. வந்த எதிர்வினை மூன்று கடிதங்கள். அவற்றில் ஒன்று என் கணக்கில் ஒரு பிழையைச் சுட்டியது. சுட்டியவர் ஒரு தொழிற்சங்கக்காரர். அவர் சொன்னதுதான் சரி.

ஆக, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். போட்டிகளை மூடிவிடச் சொல்லவில்லை. விடையைத் தன்னுள் வைத்திருக்கும் தலைப்பைக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் பசுமைத் தீபாவளி பற்றிக் கேட்காதீர்கள். உன் வீட்டில் தீபாவளிக்கு முந்தைய மாதம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நடுவர் தன் பெயரைப் போடட்டும், பரிசுக்கும் மறுப்புக்கும் ஒரு பத்தி காரணம் எழுதட்டும். பரிசு பெற்ற கட்டுரையை நாலு பேர் கண்ணில் படும்படி அச்சிடுங்கள். அச்சு இயந்திரங்களுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. எழுதுகிறவனிடம் காசு கேட்கிறவரைப் பதிப்பாளர் என்று அழைக்காதீர்கள், அச்சகத்தார் என்று அழையுங்கள். அது கண்ணியமான தொழில். சிவகாசியில் அதை மறைக்காமல் செய்கிறார்கள்.

இயலாது என்றேன் என்று தொடக்கத்தில் எழுதினேன். அது முழு உண்மையன்று. மறுநாள் நானே அவரை அழைத்தேன். 140 கட்டுரைகளையும் என்னிடம் கொடுத்துவிடு, பத்து நாள் வேண்டும், பொன்னாடை வேண்டாம், தேர்வாகாத பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியாவது எழுதித் தருவேன், அதை அவர்கள் கையில் சேர்த்தால் போதும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பரிசளிப்பு விழா தேதி முடிவாகிவிட்டதே" என்றார். குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இதை எழுதி முடிக்கும்வரை அழைப்பு வரவில்லை.